மலைச் சரிவில் குண்டு எறிதல்: களம் அமைப்பது முதல் கிளைடு வரை

நீலகிரியில் குண்டு எறியப் பழக வேண்டுமானால் முதல் தலைவலி சமதளம்தான். ஊட்டியில் ஹெச்.ஏ.டி.பி. மைதானம், கோத்தகிரியில் காந்தி மைதானம் என்று சில இடங்களை விட்டால், கிராமத்துப் பள்ளி மைதானம் என்பது பெரும்பாலும் சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் தேயிலை. பார்த்தால் சமமாகத் தெரியும். குண்டை வைத்தால் அதுவாக உருளும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். குண்டு விழும் தளம் எறியும் திசையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது என்பது சர்வதேச விதி. அதாவது பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். நம் பள்ளி மைதானங்களில் மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் இறங்குவது சாதாரணம். அந்தச் சரிவில் கீழ்நோக்கி எறிந்தால் பத்து மீட்டர் தூரத்தில் தரை அரை மீட்டர் தாழ்ந்திருக்கும். குண்டு ஏறக்குறைய 45 டிகிரியில் இறங்குவதால், கிட்டத்தட்ட அதே அளவு தூரம் இலவசமாகக் கிடைத்துவிடும். பள்ளியில் பத்தே கால் மீட்டர் எறிந்த பையன் மாவட்டப் போட்டியில் 9.80 எறிந்துவிட்டு, "இன்னைக்கு ஃபார்ம் இல்ல சார்" என்பான். ஃபார்ம் சரியாகத்தான் இருந்தது. மைதானம்தான் அவனுக்கு இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறது.

ஆகவே இங்கே பழகும் மாணவர்களும் சொல்லிக் கொடுக்கும் பி.டி. ஆசிரியர்களும் களத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

களத்தை அமைப்பது

சரிவைப் பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். ஒரு முனையை வட்டத்தில் பிடித்து, மறுமுனையைக் குண்டு விழும் இடத்தில் பிடித்தால் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சமதளமே கிடைக்கவில்லை என்றால், சரிவுக்குக் குறுக்காக, தேயிலை வரிசை போகும் வாட்டத்தில் எறியுங்கள். அதுவும் முடியாவிட்டால் மேட்டை நோக்கி எறியலாம். தூரம் குறைவாகக் காட்டும், மனசு கொஞ்சம் சங்கடப்படும், ஆனால் போட்டி நாளில் ஏமாற்றம் இருக்காது. பள்ளத்தை நோக்கி மட்டும் வேண்டாம்.

வட்டத்தின் உள் விட்டம் 2.135 மீட்டர். மண் தரையில் வரைய ஆணி ஒன்றை நடுவில் அடித்து, 1.0675 மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டிச் சுற்றினால் போதும். சுண்ணாம்புத் தூள் போட்டுக்கொள்ளலாம். போட்டிக்கான வட்டம் என்றால் சிமென்ட் தளமும் சுற்றி இரும்பு வளையமும் வேண்டும். தளம் வளையத்தின் மேல் விளிம்பைவிட சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இந்த ஊர் மழையில் அந்தப் பள்ளம் சின்னக் குளமாகிவிடும் என்பதால், தண்ணீர் வடிய ஓட்டை விடச் சொல்லுங்கள். சிமென்ட் பூசும்போது வழவழவென்று தேய்க்க விடாதீர்கள். மேஸ்திரி அழகாகத்தான் முடித்துக் கொடுப்பார். பனி இறங்கிய காலையில் அதன் மேல் நிற்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் ஒருமுறை இழுத்துவிட்டால் சொரசொரப்பு வந்துவிடும். அதற்காக ரொம்பக் கரடாகவும் இருக்கக் கூடாது, கால் சுழலாது.

வட்டத்தின் முன்பக்க நடுவில் வெள்ளை அடித்த ஸ்டாப் போர்டு, அதாவது எறிபவரின் கால் முன்னே போகாமல் தடுக்கும் கட்டை. நீளம் 1.21 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், உட்பக்கம் வட்டத்தோடு ஒட்டும்படி வளைந்திருக்கும். பழகுவதற்குக் கற்பூர மரம் மாதிரி கனமான கட்டையைச் செதுக்கிக்கொள்ளலாம், ஆனால் தரையில் இறுக்கமாகப் பதிய வேண்டும். ஆடுகிற கட்டையில் காலை முட்டுக் கொடுத்தால் கணுக்கால் போய்விடும். வட்டத்தின் இரு பக்கமும் நடுவைக் காட்டும் வெள்ளைக் கோடு 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீளும். முன் பாதி, பின் பாதி பிரிவது அங்கேதான். இதன் வேலை பிறகு வரும்.

குண்டு விழ வேண்டிய பகுதிதான் செக்டார். அதன் கோணம் 34.92 டிகிரி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பாகைமானியைத் தேட வேண்டியதில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு கோடுகளையும் 20 மீட்டர் இழுங்கள்; அங்கே இரு கோடுகளுக்கும் இடையில் சரியாக 12 மீட்டர் இருந்தால் கோணம் சரி. இடம் குறைவென்றால் 10 மீட்டரில் 6 மீட்டர்.

மலைக்கே உரிய இன்னொரு வேலை: செக்டாரின் முடிவில் மண் மேடோ மணல் மூட்டைகளோ போட்டு வையுங்கள். உருண்டு போகும் ஐந்து கிலோ இரும்பை நிறுத்தத் தேயிலைச் செடி போதாது. கீழே பாதை இருந்தால் அதில் ஆள் நடப்பார்கள். எறிந்த குண்டை யாரும் திருப்பி எறியக் கூடாது, கையில் எடுத்துத்தான் வர வேண்டும். எடுக்கப் போனவர் திரும்பி வரும்வரை அடுத்தவர் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மூடுபனி இறங்கி விழும் இடம் தெரியவில்லை என்றால் அன்றைக்கு எறிதல் இல்லை, உடற்பயிற்சி மட்டும். காட்டுமாடு வந்து மைதானத்தில் நின்றாலும் அதே முடிவுதான், வாக்குவாதம் வேண்டாம்.

குண்டும் மற்றதும்

ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 5, பெண்களுக்கு 3. பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவுகள் கொஞ்சம் வேறு மாதிரி பிரியும் என்பதால், குறுவட்டப் போட்டிக்கு வரும் சுற்றறிக்கையில் எடையைப் பார்த்துவிட்டுப் பழகத் தொடங்குங்கள். விட்டத்துக்கும் அளவு உண்டு: ஆண்கள் குண்டு 110 முதல் 130 மில்லிமீட்டர், பெண்கள் குண்டு 95 முதல் 110. ஒரே எடையில் சின்னக் கைக்குச் சின்ன விட்டம் வசதி. வாங்கும்போது விரலால் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கெட்டி இரும்பு, பித்தளை, அல்லது உலோக ஓட்டுக்குள் ஈயம் போன்றதை அடைத்தது, எதுவும் ஆகலாம். மேல்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். இந்த ஈரத்தில் இரும்புக் குண்டு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். லேசாக எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்து, எறியும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பழைய குண்டு எடை குறைந்திருக்கும். ஊரில் தேயிலை இலை எடை போடும் இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடலாம். போட்டியில் குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

ஷூவுக்கு அடியில் ஆணி கூடாது; வழுவழுப்பான, தட்டையான ரப்பர் அடி வேண்டும். எறிபவர்களுக்கென்றே ஷூ உண்டு, விலை கொஞ்சம் அதிகம். முதல் வருடத்துக்கு அது தேவையில்லை. கையுறை கூடாது. இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் ஒட்டவும் கூடாது. மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளலாம், இடுப்பில் பெல்ட் கட்டலாம், கையிலும் கழுத்திலும் சாக்பீஸ் தூள் மாதிரியான மெக்னீசியம் பவுடர் தடவலாம். வட்டத்துக்குள்ளோ ஷூவிலோ எதையும் தெளிக்கக் கூடாது.

பிடியும் நின்ற நிலையும்

இனி சொல்வது வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவும்.

குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது. நடு மூன்று விரல்களின் அடிப்பகுதியில் அது இருக்கும். கட்டை விரலும் சுண்டு விரலும் பக்கங்களில் விழாமல் காக்கும், அவ்வளவே. மண் தரையில் எறிந்து பழகுபவர்களுக்கு இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பயிற்சி முடிந்ததும் கையைப் பாருங்கள். உள்ளங்கை நடுவில் மண் ஒட்டியிருந்தால் பிடி தவறு. பிறகு அதைத் தாடைக்குக் கீழே கழுத்துக் குழியில் பதித்து, முழங்கையை வெளிப்பக்கம் தூக்கிக்கொள்ளுங்கள். கட்டை விரல் கீழ்நோக்கி இருக்கும். விதிப்படி குண்டு கழுத்தையோ தாடையையோ தொட்டபடி, அல்லது மிக அருகில் இருந்தபடிதான் எறிதல் தொடங்க வேண்டும். நடுவில் கை அதற்குக் கீழே இறங்கக் கூடாது, குண்டு தோள் வரிசைக்குப் பின்னால் போகக் கூடாது, ஒரே கைதான்.

முழங்கை விழுந்துவிட்டால் அது கிரிக்கெட் பந்து எறிவதாகிவிடும். நம் பையன்கள் எல்லோரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள் என்பதால் இந்தத் தவறு அதிகம் வரும். ஃபவுல் ஒரு பக்கம் இருக்கட்டும், முழங்கை மூட்டே கெட்டுவிடும். முதல் இரண்டு வாரம் மெடிசின் பால் என்ற கனமான பயிற்சிப் பந்தை வைத்து, சுவரைப் பார்த்து நின்று, மார்பிலிருந்து தள்ளிப் பழகினால் இந்தப் பழக்கம் போகும்.

அடுத்தது நின்ற இடத்திலிருந்து எறிவது. எல்லாமே இதில்தான் இருக்கிறது, இதற்கு எத்தனை நாள் ஒதுக்கினாலும் தகும். இடது கால் ஸ்டாப் போர்டு அருகே, வலது கால் வட்டத்தின் நடுவில். இடது கால் விரல் நுனியும் வலது குதிகாலும் எறியும் திசையில் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு பாதங்களும் முழுசாக ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் இருந்தால் இடுப்பு திரும்ப வழி இல்லை. உடம்பின் பாரம் மடங்கிய வலது காலில். மேலிருந்து பார்த்தால் தாடை, வலது முழங்கால், வலது கால் நுனி மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். தோள்கள் பின்பக்கம் பார்த்திருக்கும். கண்ணும் பின்னால் ஏதோ ஒரு மரத்தைப் பார்த்திருக்கட்டும்.

இங்கிருந்து வலது குதிகால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அது முழங்காலைத் திருப்பும், முழங்கால் இடுப்பைத் திருப்பும், இடுப்பு முன்னே வந்தபின் மார்பு வரும். கை கடைசி. ஆரம்பக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கையிலிருந்து தொடங்குவார்கள். தலையை இடது பக்கம் வெட்டித் திருப்புவார்கள். இரண்டும் ஒரே நோய். மருந்து: கண்ணை அந்த மரத்திலேயே வைத்து, குதிகால் திரும்பிய பிறகுதான் முகம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, குண்டில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது.

இடது காலின் வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. எறியும் கணத்தில் அது விறைப்பாக நிமிர்ந்து முட்டுக் கொடுக்க வேண்டும். சைக்கிளின் முன் சக்கரம் கல்லில் முட்டினால் ஓட்டுபவர் முன்னால் பறப்பார் அல்லவா, அதே கணக்கு: கீழே நின்றால்தான் மேலே வேகம் ஏறும். இடது முழங்கால் மடங்கிப் போனால் அந்த வேகம் தரைக்குள் போய்விடும். இடது கையும் அப்படித்தான். வீசித் திறந்துவிட்டு, மார்பு நேரே வந்ததும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் மணிக்கட்டும் விரல்களும் வெளிப்பக்கமாகச் சுண்டிவிடும்.

வேகமா, கோணமா?

இந்தக் கேள்வியில் பயிற்சி நேரம் நிறைய வீணாகிறது. ஒரு கணக்கு பார்ப்போம். தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில், 36 டிகிரியில் குண்டு கையை விட்டால் சுமார் 9.83 மீட்டர் போகும். கோணத்தை 40 ஆக உயர்த்தினால் 9.89. ஆறு சென்டிமீட்டர்தான் லாபம். கோணத்தைத் தொடாமல் வேகத்தை வினாடிக்கு 10 மீட்டர் ஆக்கினால்? 11.74. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கூடுகிறது. மேலும், மேல்நோக்கித் தள்ளத் தள்ள வேகம் குறையும் என்பதால், நல்ல வீரர்களே 45 டிகிரியில் எறிவதில்லை. 30 முதல் 40 டிகிரிக்குள்தான். "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று கத்துவதை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு, குண்டு அதிகம் போகும் என்று சொல்பவர்கள் உண்டு. ஈட்டியும் தட்டும் காற்றைப் பிடித்துப் பறப்பவை, அவற்றின் கதை வேறு. இந்த இரும்புருண்டைக்குக் கிடைப்பது சில சென்டிமீட்டர் மட்டுமே.

கிளைடு

1950-களின் தொடக்கம் வரை எறிபவர்கள் பக்கவாட்டில் நின்றுதான் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பாரி ஓ'பிரையன் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று தொடங்கினார். 1952, 1956 ஒலிம்பிக் தங்கங்கள் அவருக்குத்தான். 1954-ல் 60 அடியைத் தாண்டிய முதல் ஆளும் அவரே. அதுதான் கிளைடு.

வட்டத்தின் பின் விளிம்பில், முதுகு செக்டாரைப் பார்க்க நில்லுங்கள். பாரம் வலது காலில். முன்னால் குனிந்து, இடது முழங்காலை வலது முழங்காலருகே கொண்டு வாருங்கள். இடுப்பைப் பின்பக்கம் சரியவிட்டு, இடது காலை ஸ்டாப் போர்டை நோக்கித் தாழ்வாக நீட்டுங்கள். அதே நேரத்தில் வலது கால் தரையை உந்தி, தரையை ஒட்டியபடியே உடம்புக்கு அடியில் வட்டத்தின் நடுவுக்கு வந்து சேர வேண்டும். வரும்போதே பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கும். வலது கால் ஊன்றியவுடன் இடது காலும் ஊன்றிவிட வேண்டும், தாமதித்தால் வந்த வேகம் செத்துவிடும். இத்தனை நடக்கும்போதும் தோள்கள் பின்னாலேயே பார்த்திருக்கும். பிறகு நின்ற நிலையில் செய்த அதே எறிதல்.

துள்ளக் கூடாது. மேலே எழும்பினால் இறங்கும்போது முழங்கால் பாரத்தை வாங்கி மடங்கிவிடும். குண்டில்லாமல், கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பத்துக் கிளைடு போடுவது நல்ல பயிற்சி. தேர்ந்தவர்களுக்கு நின்று எறிவதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடும். புதிதாகக் கற்பவருக்கு முதல் சில மாதம் தூரம் குறையவும் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்குப் போய்விடுபவர்கள் அதிகம்.

எறிந்தபின் முன்னால் விழாமலிருக்கக் கால் மாற்றிக்கொள்வார்கள்: வலது கால் முன்னே வரும், இடது பின்னே போகும். இதைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதலிலேயே கற்றால் எறியும் முன்னரே குதிக்கும் பழக்கம் வந்துவிடும்.

ஸ்பின் முறை தட்டெறிதல் போலச் சுழன்று எறிவது. சோவியத் வீரர் அலெக்சாண்டர் பாரிஷ்னிகோவ் 1976-ல் அப்படித்தான் 22.00 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். 2023-ல் ரயன் குரூசர் எறிந்த 23.56 மீட்டரும் ஸ்பின்தான். மைதானத்தில் நல்ல சிமென்ட் வட்டமும், பக்கத்தில் தெரிந்த பயிற்சியாளரும் இருந்தால் முயலலாம். ஈர வட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

பலம், குளிர், மழை

மலைப் பிள்ளைகளுக்குக் காலில் பலம் அதிகம் என்பார்கள். படியும் ஏற்றமும் தருவது நின்று தாங்கும் பலம். குண்டுக்கு வேண்டியது வெடித்துக் கிளம்பும் பலம். முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் விழா நாளில் தோடர் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குவதைப் பார்த்தால், கால், இடுப்பு, முதுகு சேர்ந்து வேலை செய்வது என்றால் என்னவென்று புரியும். அந்த அடிப்படையோடு வேகத்தையும் சேர்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், படிக்கட்டில் இரு காலால் தாவி ஏறுதல், மேட்டில் 20 மீட்டர் வேக ஓட்டம், குண்டை இரு கையால் பிடித்துக் குனிந்து நிமிர்ந்து தலைக்குப் பின்னால் எறிதல். வாரம் மூன்று நாள் போதும். ஒரு நாளில் நின்று எறிவது இருபதுக்குள், கிளைடு அதைவிடக் குறைவு. களைத்தபின் எறிவது தவறைத்தான் பழக்கும்.

மார்கழி, தை உறைபனிக் காலையில் வெறும் இரும்பைக் கழுத்தில் வைப்பது கொடுமை. இருபது நிமிடமாவது ஓடி, உடம்பு சூடேறி, விரல் மரத்துப்போனது தெளிந்த பிறகு எறியுங்கள். ஸ்வெட்டரைத் தன் முறை வரும்போது கழற்றினால் போதும். பள்ளிப் போட்டிகள் பல வருடம் மழையோடுதான் வரும். இரண்டு துண்டு எடுத்துப் போங்கள், ஒன்று குண்டுக்கு, ஒன்று கைக்கு. வட்டத்துக்கு வெளியே ஒரு கோணிச் சாக்கைப் போட்டு, ஷூ அடியை அதில் தேய்த்துவிட்டு உள்ளே போகலாம்.

போட்டி நாள்

பெயர் கூப்பிட்டதிலிருந்து ஒரு நிமிடம். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் மூன்று எறிதல். முதல் எட்டுப் பேருக்கு மேலும் மூன்று. ஆகவே முதல் எறிதல் பத்திரமாக இருக்கட்டும், நின்ற இடத்திலிருந்தே எறிந்தாலும் பரவாயில்லை. ஒரு அளவு பதிவானபின் தைரியமாகக் கிளைடு போடலாம். சமநிலை வந்தால் இரண்டாவது சிறந்த எறிதலைப் பார்ப்பார்கள், அதனால் ஒன்று நன்றாகப் போய்விட்டதே என்று மற்றதை வீணாக்காதீர்கள்.

வட்டத்துக்குள் வந்து அசையாமல் நின்றுதான் தொடங்க வேண்டும். வளையத்தின் உட்பக்கத்தையும் ஸ்டாப் போர்டின் உட்பக்கத்தையும் கால் தொடலாம். மேல்பகுதியைத் தொட்டால் ஃபவுல், சிவப்புக் கொடி. குண்டு செக்டார் கோட்டின் மேல் விழுந்தாலும் ஃபவுல்தான். குண்டு தரையைத் தொடும்வரை வெளியேறக் கூடாது. வெளியேறும்போதும் முதலில் சொன்ன அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால், பின் பாதி வழியாகத்தான். நல்ல எறிதலைப் பார்த்த சந்தோஷத்தில் முன்பக்கமாகத் தாண்டி ஓடி அளவை இழப்பவர்கள் ஒவ்வொரு குறுவட்டப் போட்டியிலும் உண்டு. பயிற்சியில் மோசமான எறிதலுக்குப் பிறகும் பின்பக்கமாகவே வெளியேறிப் பழகுங்கள்.

அளக்கும்போது டேப்பின் பூஜ்ய முனை குண்டு விழுந்த தடத்தில் வட்டத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியில் இருக்க வேண்டும். மறுமுனை வட்டத்தின் மையம் வழியாகப் போகும்படி இழுத்து, ஸ்டாப் போர்டின் உள்விளிம்பில் படிப்பார்கள். சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதை விட்டுவிடுவார்கள். ஈர மண்ணில் குண்டு பதிந்த குழியும் அது உருண்ட தடமும் சேர்ந்தே இருக்கும், விழுந்த இடத்தைக் குறிக்கும் முள்ளை எங்கே குத்துகிறார்கள் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடனே, மரியாதையாக, குழியை மூடும் முன்பே நடுவரிடம் கேட்டுவிடுங்கள்.